மலை வெளியே தெரிந்த பதக்கம்

குளிர் அறையின் கதவை மூடும்போது சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் ஓரத்து ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என் கடையின் கதவு இந்த எட்டு வருஷத்தில் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, ஷெரிஃப் பெட்டிங்கர் அவர்களே. அன்றைக்கு வந்த நீங்கள் அந்தக் கதவை மூன்று தடவை இழுத்து இழுத்து அறைந்தீர்கள். அப்படி அறைந்தால் கீல் போய்விடும்.

காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உன் கையாலேயே எழுது என்றீர்கள். வெர்லின் ஸ்ட்ரவுட் ஆகிய நான் எழுதுகிறேன். தன் மனைவி நோபுயோவை நான் வெறுத்தேன் என்று டெல்மர் ஹோவ்லண்ட் அயோவாவின் இந்த ஹால்டன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறானாம். அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை. மற்றபடி இந்த ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதில் எனக்கு அக்கறை கிடையாது. அறுத்த மாட்டை வெட்டி, காகிதத்தில் சுற்றி, குளிர் அறையில் அவரவர் வாடகைக்கு எடுத்திருக்கும் லாக்கரில் வைத்துப் பூட்டித் தருகிறேன். பாதி ஊர் என் குளிர் அறையில் இருந்துதான் சாப்பிடுகிறது. ஒருத்தராவது எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

பதக்கத்தில் இருந்து தொடங்குகிறேன். ஆக்கிரமிப்புப் படையில் இருந்ததற்காக அரசாங்கம் கொடுத்த பதக்கம் அது. போர் முடிந்தபிறகு ஜெர்மனியிலோ ஜப்பானிலோ முப்பது நாள் சேர்ந்தாற்போல் இருந்தவனுக்கெல்லாம் கிடைக்கும். நம் ஊர்ப் படைவீரர் சங்கத்தில் அதற்கு மரியாதை இல்லை. "சண்டை ஓஞ்சப்புறம் போயி நாற்காலியில உக்காந்ததுக்குக் குடுத்தது" என்பார்கள், இத்தாலியில் கால் விரலை இழந்தவர்கள். பேசட்டும். அதன் ஒரு பக்கத்தில் ஜெர்மனியின் ஒரு பாலம், மறு பக்கத்தில் ஜப்பானின் மலை. ரிப்பன் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். ரிப்பனின் மேல் ஒரு சின்னப் பட்டை இருக்கும். எந்த நாட்டில் இருந்தான் என்பது அதில் பொறித்திருக்கும்.

பாலம் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம். ஆனால் ஜப்பானில் கொகுரா நகரத்தில் இருந்த எங்கள் ஆட்கள் அதைத் திருப்பி, மலை வெளியே தெரியும்படி குத்திக்கொள்வார்கள். பாலத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. கொகுராவில் இருந்து அந்த மலையும் தெரியாது என்பது வேறு விஷயம். ஒருத்தன் திருப்பினான், எல்லோரும் திருப்பினோம், அது வழக்கமாகிவிட்டது.

நான் இந்த ஊருக்கு வந்தது 1949இல். கொகுரா பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. 1953இல் டெல்மர், ஜப்பானில் இருந்து நோபுயோவைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தான். அவன் அங்கே போனது நான் கிளம்பி வந்த பிறகு. அதனால் என்னை அவன் அங்கே பார்த்ததில்லை. சென்ற வருஷம் சங்கத் தலைவர், படைவீரர் நினைவு நாள் ஊர்வலத்துக்குப் பதக்கம் இல்லாமல் வந்தால் கொடி பிடிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தபாலில் ஒரு ஜெர்மனிப் பட்டையை வரவழைத்தேன். ஜப்பான் பட்டையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். பட்டையை மாற்றியவன் பதக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டேன். கை பழகிய வேலை, மலையை வெளியே வைத்தே குத்திவிட்டது. சென்ற வருஷம் மழை, எல்லோரும் கோட்டு போட்டிருந்தோம். இந்த வருஷம் வெயில்.

ஊர்வலம் முடிந்து பூங்காவில் சாப்பாடு. நோபுயோ உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தாள். என் தட்டில் கரண்டியை வைத்தவள் அப்படியே நின்று என் நெஞ்சைப் பார்த்தாள்.

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், நீங்க எங்க நாட்டுல இருந்தீங்களா?"

"இல்லம்மா. ஜெர்மனி. பட்டையப் பாருங்க."

"பட்டை ஜெர்மனிதான். மலை எங்களுதாச்சே," என்று சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற டெல்மர் குனிந்து பார்த்தான். அவன் வாய்க்கு இப்படி ஒரு தீனி போதும்.

"அட, ஆமாம்பா. ஜெர்மனிக்காரன் எவனாவது மலையத் திருப்பிக் குத்துவானா? கொகுரா பசங்கதான் இப்படிக் குத்துவோம். வெர்லின், நாலு வருஷமா ஒரே கவுண்டர்ல உக்காந்து காபி குடிக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னியா நீ? என்ன, அங்க எவளையாவது கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியா கம்பி நீட்டிட்டியா?"

மேஜையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நோபுயோவும் சிரிக்கவில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கொகுராவா? என் அண்ணன் அங்கதான் வேல பாத்தான். உங்க ஆர்மியோட இறைச்சிக் கிடங்குல. அந்தக் குளிர் கிடங்கு. உங்களுக்குத் தெரியுமா?"

வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பதக்கத்தைத் திருப்பிப் பாலத்தை வெளியே வைத்தேன். இனி அதைத் திருப்பி என்ன ஆகப்போகிறது என்றும் தெரிந்தது.

கொகுராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சொன்னால்தான் நான் செய்ததில் இருக்கும் நியாயம் புரியும். அந்தக் கிடங்கின் சாவி என்னிடம் இருந்தது. உள்ளூர் கூலிகள் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி மொட்டைத் தலை. நான் எண் போட்டுத்தான் கூப்பிடுவேன். ஒருநாள் மத்தியானம் ஏழாம் எண் சட்டைக்குள் ஒரு துண்டு ஈரலை ஒளித்துக்கொண்டு வெளியே வந்தான். நான் அடிக்கவில்லை. மற்றவர்கள் அடிப்பார்கள், எனக்கு அது பிடிக்காது. பத்து நிமிஷம் உள்ளே இரு, புத்தி வரும் என்று சொல்லிக் கதவை மூடினேன். பிறகு சாப்பிடப் போனேன். சாப்பாடு முடிந்ததும் பேஸ்பால் ஆட்டம் இருந்தது. எங்கள் அணியில் பந்து பிடிக்க ஆள் குறைவு. ஆட்டம் நீண்டுவிட்டது.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது அவன் கதவுக்கு ஓரமாகவே உட்கார்ந்திருந்தான். திருட ஒளிந்திருந்தவன் மாட்டிக்கொண்டு செத்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். மற்றப் பதினொரு பேரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து எனக்குப் பதக்கம் வந்தது. யோசித்துப் பாருங்கள். நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் அரசாங்கம் அதைக் கொடுத்திருக்குமா?

இப்போது அவனுடைய தங்கை என் ஊரில், என் தட்டில் சாலட் வைக்கிறாள். அன்று முதல் நான்கு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. டெல்மர் மாதிரி ஒரு வாயாடியை இவள் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும், உலகத்தில் இத்தனை இடம் இருக்க இந்த அயோவா மூலைக்கு ஏன் வர வேண்டும் என்று யோசித்தேன். என்னைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று பட்டது. அவளுக்கு அண்ணன் மேல் பாசம் இருந்தால் அது நியாயம்தான். எனக்கு என் கடை மேல் பாசம். இந்த விஷயம் வெளியே வந்தால், மாட்டுக்கறி வெட்டுகிறவன் கையில் வேறு என்ன பட்டிருக்கிறது என்று இந்த ஊர் ஒரே வாரத்தில் லாக்கர்களைக் காலி செய்துவிடும். எட்டு வருஷ உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிடும்.

திங்கட்கிழமை காலை அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், உடம்பு இப்பப் பரவாயில்லையா? நாளைக்கு எங்க லாக்கர்ல இருந்து ரோஸ்ட் கறி எடுக்க வர்றேன். அண்ணன் போட்டோவும் கொண்டு வர்றேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"தாராளமா வாங்கம்மா."

குளிர் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு குமிழ் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதைத் தள்ளினால் கதவு திறக்கும். அது ரொம்ப நாளாகவே இறுகிக் கிடந்தது. எண்ணெய் போடலாம் என்று திங்கட்கிழமை மத்தியானம் கழற்றினேன். வாடிக்கையாளர்களுக்காகக் கதவுப் பக்கத்தில் இரண்டு கம்பளிக் கோட்டுகள் தொங்கும். அழுக்காக இருந்தன, வெளுக்கப் போட்டேன். இரண்டும் எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலைகள். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வந்தாள். மெல்லிய மஞ்சள் கவுன், கையில் ஒரு உறை. அதை நீட்டினாள். முதலில் இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், சாவகாசமாக உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். உறையைக் கவுண்டரில் வைத்தாள். கோட்டு எங்கே என்று பார்த்தாள்.

"வெளுக்கப் போட்டிருக்கேம்மா. ஒரு நிமிஷ வேலதானே."

"ஆமா, ஒரு நிமிஷந்தான். நாப்பத்தொண்ணாம் நம்பர் லாக்கர்தானே எங்களுது?"

"அதேதான். கடைசி வரிசை."

உள்ளே போனாள். நான் கதவை மூடினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மூடுகிற கதவு அது. திறந்து கிடந்தால் குளிர் போய்விடும்.

பதினொரு மணிக்கு ஆல்மா விட்டிக் பன்றிக்கறித் துண்டு வாங்க வந்தாள். அவள் கேட்ட கனத்துக்கு மின்சார ரம்பத்தில் அறுத்துக் கொடுத்தேன். ரம்பத்தை நிறுத்தியதும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உள்ள யாரோ தட்டுறாங்களே வெர்லின்?"

"கம்ப்ரசர்."

"நல்லா இருக்கு போ. மனுஷங்க தட்டுற மாதிரியே தட்டுது. காசப் பாக்காம அதை மாத்தித் தொல. இன்னொரு துண்டு வெட்டு, என் மருமகன் வர்றான்."

இன்னொரு துண்டு வெட்டினேன். இந்த முறை ரம்பத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்தே ஓடவிட்டேன். ஆல்மாவை நீங்கள் இதற்காகத் துன்புறுத்த வேண்டாம். அவளுக்குக் காது கேட்கிறது, அவ்வளவுதான். அவள் போனபிறகு இருபது நிமிஷம் சத்தம் இருந்தது. ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மிஸ்டர் ஸ்ட்ரவுட் என்றுதான் கூப்பிட்டாள், அப்போதும் மரியாதை குறையவில்லை. அவளை நான் வெறுத்ததே இல்லை என்று இதனால்தான் சொல்கிறேன். வெறுத்திருந்தால் இதெல்லாம் நினைவில் இருக்குமா?

நாலு மணிக்குக் கதவைத் திறந்து, உங்களுக்குப் போன் செய்தேன். விபத்து என்று சொன்னேன். நீங்களும் பாதி நம்பினீர்கள். டெல்மர் வந்து தரையில் உட்கார்ந்து அவள் கைகளைத் தன் சட்டைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். இனிப் பயனில்லை என்று அவனுக்கு எடுத்துச் சொன்னது நான்தான். அப்போதுதான் நீங்கள் குமிழ் எங்கே என்று கேட்டு, என் மேஜை இழுப்பறையைத் திறந்தீர்கள். குமிழ் இருந்தது. பக்கத்தில் பதக்கம். அதன் கீழே அந்த உறை, ஒட்டியது ஒட்டியபடி.

எரித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அடுத்தவர் கடிதத்தை எரிக்கிற பழக்கம் எனக்கில்லை. பிரிக்கிற பழக்கமும் இல்லை.

அதைப் பிரித்து நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். ஒரு மீன் கடை. அதன் முன்னால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொழுகொழுவென்று ஒருவன் சிரிக்கிறான், பக்கத்தில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பின்புறம் இந்த வருஷப் புத்தாண்டுத் தேதி. கூடவே டெல்மர் கையெழுத்தில் ஒரு சீட்டு. அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதியிருக்கிறான். "இது என் அண்ணன். கிடங்கில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் இவனுக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாராம். அந்தக் குளிரில் அதுதான் விரல்களைக் காப்பாற்றியது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெயர் தெரியாது. உங்களுக்கு அவரைத் தெரியுமா? ஒருவேளை நீங்கள்தானா?"

அதை நீங்கள் சத்தமாகப் படித்தீர்கள். என் முகத்தில் ஒன்றும் மாறவில்லை என்று நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையுறையைக் கொடுத்தது நானாக இருக்கலாம். எனக்கு நினைவில்லை, ஆனால் நான் செய்யக்கூடிய காரியம்தான் அது.

அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் பூங்காவிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குமிழைக் கழற்றியது நான், கோட்டை எடுத்தது நான், கதவை மூடியது நான், தட்டுகிற சத்தம் நிற்கும்வரை திறக்காமல் இருந்ததும் நான். எதையும் நான் மறுக்கவில்லை. இதைக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

ஆனால் என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அன்று கொகுராவில் செத்துப்போன ஏழாம் எண்ணின் பெயரை நான் கேட்டு வைத்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.