செருப்பு விடற எடத்துல நின்ன மொளகாத்தூள்

கலப்படமாம்! யாரு தூளு? என் தூளு! ஐடா தூளு கலப்படமாம்! நீயே சொல்லும்மா... சொல்ப தள்ளி ஒக்காரு, இந்தப் பைய மடியிலியே வெச்சிக்கினு காலு மரத்துப்போச்சி... ஆங், அப்டி. நீ எந்த ஸ்டேஷன்ல ஏறுன, கோரமண்டலா? நான் முன்னாடியே, சாம்பியன் ஸ்டேஷன்லியே ஏறிட்டேன். அங்க ஏறுனாத்தான் ஜன்னலு கெடைக்கும். கெடைச்சி இன்னா பிரயோசனம், ஷட்டரு பாதியிலியே நிக்குது பாரு. சரி அத்த வுடு.

இருவத்திரண்டு வருசம்மா! எங்க ஏரியா ஸ்கெலட்டனுக்குப் போயி ஐடா தூளு எங்கன்னு கேளு, சின்னக் கொழந்த கையப் புடிச்சி கூட்டிக்கினு வரும். இதே ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போவுதே பொண்ணுங்க, பாதிப் பேரு டிபன் பாக்ஸ்ல என் தூளுதான் போவுது. இன்னிக்கு அந்தத் தூள கலப்படம்னு ஒரு டார்ச் லைட்டு சொல்லுது. டார்ச் லைட்டும்மா! 

இந்தா, இத்தப் புடி. புடிம்மா, வெக்கப்படாத. காசெல்லாம் வாணாம். பழைய அரைப்பு, கடைசி பாக்கெட்டு. ஒரு மீன் கொழம்பு வெச்சிப் பாரு, அப்பால சொல்லு. என் தூளு போட்டா கொழம்பு தண்ணியா ஓடாது. கட்டியா, மீன புடிச்சிக்கினு நிக்கும். கடைத்தூளு செவப்பா மேல மெதக்கும், அடியில வெறும் தண்ணி. சுத்தமான தூளுக்கு அதாம்மா அடையாளம். மெஷினு இன்னா கண்டுச்சி கொழம்ப?

எந்த மெஷினா? அதத்தான சொல்லிக்கினு இருக்கறேன்! போன ஞாயித்துக்கெழம எங்க சர்ச்சுல அறுப்புப் பண்டிகை. பொம்பளைங்க சங்கத்து மேஜைல மொதல் எடம் எப்பவும் எனக்குத்தான். கேக்கு, அச்சுமுறுக்கு, ஊறுகா எல்லாம் அப்பால. எங்க செகரெட்டரி ஆபிரகாமு இருக்காரே, அவருக்கு மைக்கு கெடைச்சா போதும், பசி தெரியாது. 'நம்ம சுனிதா கலப்படம் கண்டுபுடிக்கற மெஷினோட வந்திருக்கு, எல்லாரும் பொருளக் காட்டுங்க'ன்னு அறிவிச்சிட்டாரு.

சுனிதா வேற யாரும் இல்ல, எங்க பக்கத்து வூட்டுப் பார்வதம்மா பொண்ணு. பெங்களூருல எம்.எஸ்சி. படிக்குது. தங்கமான பொண்ணு, அதச் சொல்லணும். அந்த மெஷின்ல இருந்து ஒரு வெளிச்சம் வருமாம், இன்ஃப்ராரெட்டாம், கண்ணுக்கே தெரியாதாம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு எதுக்குடி லைட்டுன்னு கேட்டேன். சிரிக்கறா. தூளு மேல பட்டா ஒவ்வொரு சாமானும் அந்த வெளிச்சத்த ஒவ்வொரு மாதிரி குடிச்சிக்குமாம். மிச்சம் திரும்பி வர்றத கம்ப்யூட்டரு கோடு போட்டுக் காட்டும். மேடும் பள்ளமுமா, நம்ம ஊரு தங்கச் சொரங்கத்துல கொட்டி வெச்ச சயனைட் மேடு கணக்கா இருக்குது. மொளகாக்கு ஒரு கோடு, செங்கல் பொடிக்கு ஒரு கோடு.

ஆனா கம்ப்யூட்டருக்குத் தானா ஒண்ணும் தெரியாதாம். பாடம் சொல்லித் தரணும். 'இது சுத்தம், இது சுத்தம்'னு முப்பது பாக்கெட்டு காட்டணும். அப்பால அதே தூள்ல மரத்தூளு, செங்கப்பொடி, சாயம் கலந்து 'இது கெட்டது, இது கெட்டது'ன்னு முப்பது. அது கணக்குப் போட்டு ரெண்டு கும்பலாப் பிரிச்சிக்கும். புதுசா ஒண்ணு காட்டுனா எந்தக் கும்பல்ல சேருதுன்னு சொல்லும். சரி, அந்த முப்பது சுத்தமான பாக்கெட்ட யாரு குடுத்தா? சொல்லு பாக்கலாம்? நான்! ஒரு வருசமா, ஒவ்வொரு அரைப்புலயும் ரெண்டு மூணு எடுத்து வெச்சி நான் குடுத்தேன்! என்கிட்ட பாடம் படிச்ச மெஷினு, என்னியே பாத்து நீ யாருன்னு கேக்குது!

கோவம் வருமா வராதா? சொல்லு!

திரையில புள்ளி புள்ளியாக் காட்டுனா. இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது, சர்ச்சுல ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம் ஒக்கார மாதிரி. என் தூளு எங்க நிக்குது தெரியுமா? இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல... தனியா, வாசல்ல, செருப்பு விடற எடத்துல! 'சுத்தமான கும்பல்ல சேரல'ன்னு எழுத்து வருது. மூணு தடவ பாத்தா. மூணு தடவயும் செருப்பு கிட்டியேதான். ஆபிரகாமு மெல்ல என் பாக்கெட்ட எடுத்து மேஜைக்குக் கீழ வெக்கறாரு. மைக்க மட்டும் கீழ வெக்கல!

அத்தோட போச்சா? மார்க்கெட்டுல கடை வெச்சிருக்கறானே வால்டரு, அவன் தூள்ல அரிசி மாவு கலக்கறது ராபர்ட்சன்பேட்டைக்கே தெரியும். அவன் தூளு எங்க? நல்ல கும்பலுக்கு நட்ட நடுவுல! மெத்த போட்டு ஒக்கார வெச்ச மாதிரி! எல்லாரும் கை தட்டறாங்க. எங்க வூட்டுக்காரரு டென்னிஸும் தட்டறாரு! இன்னாய்யான்னு கேட்டா, எல்லாரும் தட்டனாங்க நானும் தட்டனேன்றாரு. ரெண்டு நாளு அவருக்கு ரசம்தான்.

...பங்காருபேட்டை வந்துருச்சி. வட வேணுமா? வாணாமா? இங்க வடைக்கு நிக்கறதுக்குள்ள எடம் பூடும், அதுவும் சரிதான். ஏ தம்பி, இங்க ஆளு இருக்குது, கண்ணு தெரியல? பையி இல்ல, ஆளுதான் இது!

எங்க வுட்டேன்... ஆங், சுனிதா. அன்னிக்கு சாயங்காலம் வாசல்ல வந்து நின்னு அழுவுறா. 'ஆன்ட்டி, உங்க தூளு கலப்படம் இல்லன்னு எனக்குத் தெரியும். மெஷின்ல தப்பா, என் கணக்குல தப்பான்னுதான் தெரியல. பழைய பாக்கெட்டு எல்லாம் லேப்ல தீந்துபூச்சி, கோடு மட்டும்தான் இருக்குது. வூட்ல பழைய அரைப்பு ஒண்ணு இருந்தா குடுங்க, திரும்பிப் பாக்கறேன்'னா. இன்னிக்கு பதினோரு மணிக்கு வாத்தியாருங்க முன்னாடி நின்னு பதில் சொல்லணுமாம். தப்பு எங்கன்னு சொல்லத் தெரியலன்னா இன்னொரு வருசம் மொதல்லேர்ந்து பண்ணணுமாம். நான் இன்னா சொன்னேன்? தீந்துபூச்சின்னுட்டேன். பின்ன? உன் கையில இருக்கற இத்தயும் லைட்டு போட்டுப் பாத்து, இதுவும் செருப்பு கிட்ட போடுறதுக்கா? அதுக்கு உனக்குக் குடுக்கறது எவ்ளவோ மேலு.

இப்ப அவ காலேஜுக்குத்தான் போறேன். பையில இருக்கறது பண்டிகைக்கு அரைச்ச அதே புது அரைப்பு, ரெண்டு கிலோ. வாத்தியாருங்க மூக்குக்கு நேரா காட்டி, இதுல எங்க கலப்படம், வாயால சொல்லுன்னு கேக்கப்போறேன்.

எப்படி அரைப்பனா? கேளு, நல்லாக் கேளு! பாதி பேடகி மொளகா, கலருக்கு. பாதி குண்டூரு, காரத்துக்கு. மாடியில மூணு நாளு காயவெச்சி, காம்பு கிள்ளி, கல்லு மண்ணு பொறுக்கி, மனோகரு மில்லுக்குத் தூக்கிக்கினு போவேன். தும்மிக்கினே நிப்பேன், நவர மாட்டேன். மொளகா போட்டு முடிச்சப்பறம் ஒரு கை புழுங்கரிசி. வந்துருவேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் கெடையாது.

அரிசியா? அது மெஷினுக்கும்மா, தூளுக்கு இல்ல! மொளகா அரைச்சி முடிச்சா உள்ள கால் கிலோ ஒட்டிக்கினு நிக்கும். அத்த வுட்டுட்டு வந்தா அடுத்து வர்றவ கோதுமையோட அள்ளிக்கினு போவா. ஒரு கை அரிசி போட்டா உள்ள இருக்கறத தள்ளிக்கினு வந்துரும். நம்ம ஊருல எல்லாருமே அப்டித்தாம்மா பண்றாங்க. எவ்ளோவா? கைதான்... ம்... டம்ளருன்னு வெச்சிக்கோயேன். அஞ்சு கிலோவுக்கு நாலு டம்ளரு. எங்க வுழுமா? வேற எங்க வுழும், அதே டின்னுலதான்... இது எப்படிம்மா கலப்படம்? வால்டரு பண்றது கலப்படம். இது மெஷின கழுவறது!

சுனிதாவும் கேட்டா. மொளகா தவிர எதுனா இருக்குதா ஆன்ட்டின்னா. கர்த்தர் சாட்சியா ஒண்ணும் இல்லடின்னேன். அரிசி நெனப்புக்கே வரலம்மா. நம்ம வூட்டுப் படிய யாரு எண்ணிக்கினு ஏறுவா?

ஆனா பண்டிகைக்கு அரைச்சது இருக்குதே, அதுல அதுகூட இல்ல! மெஷினு வருதுன்னு தெரிஞ்சி, மனோகர நிக்க வெச்சி, மில்லத் தொறந்து பிரஷ்ஷு போட்டுத் தொடைக்கச் சொல்லி, ஒரு மணி அரிசிகூட போடாத அரைச்சேன். வெறும் மொளகா. அத்தப் போயி...

இரு.

இரு இரு இரு.

அந்த முப்பது பாக்கெட்டுலயும் அரிசி. மெஷினு அத்ததான் சுத்தம்னு படிச்சிக்கிச்சி. வால்டரு தூள்லயும் அரிசி... அதான் நடுவுல போயி ஒக்காந்துக்கினான். என் தூளு, நான் மொளகாவத் தொட்ட நாள்லேர்ந்து மொத தடவ சுத்தமா அரைச்ச தூளு... அடிப்பாவி ஐடா! அப்போ கொழம்பு கட்டியா வர்றது... ஐயையோ, உன்கிட்ட வேற பீத்திக்கினனே!

ஹா... சிரிக்காதம்மா. நானே சிரிக்கறேன், நீ ஏன் சிரிக்கற. மெஷினு மேல ஒரு குத்தமும் இல்ல. சொல்லிக்குடுத்த வாத்தியாரம்மாதான் தப்பு!

ஆனா இத்த எப்படிப் போயி சொல்றது? இருவத்திரண்டு வருசப் பேரு. வால்டரு ஆபிரகாமு கையில இருந்து மைக்க புடுங்கிடுவானே. சொல்லாத இருந்தா யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. உனக்குத்தான், நீயும் எறங்கிப் போயிருவ... 

அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு அழுதாளே. மெஷின சந்தேகப்பட்டா, தன்ன சந்தேகப்பட்டா. என்ன மட்டும் சந்தேகப்படலம்மா. வெக்கமா இருக்குது எனக்கு. சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். பேரு போனா இன்னா, அடுத்த பாக்கெட்டுல 'அரிசி நாலு டம்ளரு'ன்னு எழுதி ஒட்டிட்டுப் போறேன். வாங்கறவங்க வாங்குவாங்க.

கே.ஆர்.புரம் வந்துருச்சா? பேசிக்கினே வந்ததுல தெரியல. பதினோரு மணிக்குள்ள போயிடலாம். ஆனா வாயால சொன்னா நம்புவாங்களா, கோடு பாக்கறவங்க? பழைய அரைப்பு வேணும். அதயும் இதயும் பக்கத்துல பக்கத்துல வெச்சி லைட்டு அடிச்சா முடிஞ்சிது. பழைய அரைப்பு எங்க... ஐயோ, உன்கிட்ட குடுத்துட்டனே! ஏம்மா, தப்பா எடுத்துக்காத, அந்தப் பாக்கெட்ட திருப்பிக்... 

ஏம்மா? எங்க பூட்ட? இப்பத்தான இங்க... தோ, பிளாட்பாரத்துல போறா! ஏம்மா! பச்ச சுடிதாரு! பாக்கெட்டு! என் பாக்கெட்டு!

...அட. 

பாக்கெட்ட சீட்டு மேலியே வெச்சிட்டுப் பூட்டா. மடிச்ச பேப்பருகூட பிரிக்கல. கலப்படம்னு பயந்துட்டா! இருவத்திரண்டு வருசத்துல என் தூள வாணான்னு வெச்சிட்டுப் போன மொத ஆளு... 

தம்பி, அந்த ஷட்டர சொல்ப தூக்கு. தூக்குப்பா! ஏம்மா! கேக்குதா? கோவம் இல்லம்மா! நீ என்ன நம்பாத போனதே நல்லதாப் போச்சி! நல்லா இரும்மா!