பெட்டிக்குள் பதினெட்டு போன்கள்

ஜெர்சியை வெயிலில் காயப்போடக் கூடாது. முதுகில் ஒட்டியிருக்கும் எண் காய்ந்து உரிந்து, பதினேழாம் நம்பர்காரன் ஒன்றாம் நம்பர்காரனாகிவிடுவான். நிழலில், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும். பதினோரு வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேரும் என்னைப் பொறுப்பில்லாதவன் என்ற தோரணையில் பேசினீர்கள். நடந்ததெல்லாம் பொறுப்பினால் நடந்தது.

என்ன நடந்தது என்று கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கடைசியில் வருத்தம் தெரிவித்து ஒரு வரி சேர்த்தால் நல்லது என்று நடுவில் உட்கார்ந்திருந்த வக்கீல் ஐயா சொன்னார். அந்த ஒரு வரிக்கு மட்டும் தாளில் இடம் இருக்காது.

எங்களுடையது பஸ் டிப்போ அணி. வாரம் ஆறு நாள் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடப்பவர்கள் ஏழாம் நாள் எழுந்து நின்று பந்து உதைப்பார்கள். தேசியக் கோப்பையில் மொத்தம் அறுபத்து நாலு அணிகள். ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போனோம். கோப்பைக்கென்று லீவு கேட்டால், எத்தனை நாள் என்று கேட்காமலே மேனேஜர் ஒரு நாள் என்று எழுதிவிடுவார்.

போன வருடம் இடைவேளையில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் போனை எடுத்துப் பேசினான். வீட்டுக்காரர் சாமானையெல்லாம் தெருவில் எடுத்து வைத்துவிட்டாராம். திரும்பி வந்தவன் எங்கள் கோலுக்குள்ளேயே தலையால் முட்டிப் பந்தைப் போட்டான். அத்தனை சுத்தமான கோல். எதிரணி எழுந்து நின்று கைதட்டியது.

அதற்குப் பிறகுதான் கோச் அந்தப் பழைய டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"அண்ணே, ஆட்டத்தன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு எல்லார் போனும் இதுக்குள்ள. ஆட்டம் முடிஞ்சாத்தான் வெளிய. சாவி உங்ககிட்ட. ரொம்ப அவசரம்னா மட்டும் நீங்க எடுத்துப் பேசி எங்கிட்ட சொல்லுங்க."

எது அவசரம் என்று அவர் சொல்லவில்லை. அந்த முடிவை என் கையில் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் பதினாறு பேர், கோச், நான். பதினெட்டு போன்கள். விதி என்றால் விதி. என்னுடையதையும் உள்ளேதான் வைத்தேன்.

முதல் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பெட்டி உறுமியது. எங்கள் வலது ஓரக்காரனின் மச்சினி. அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, மாமாவை உடனே வரச் சொல்லுங்கள் என்றது. ஆகட்டும்மா என்று வைத்தேன். யோசித்துப் பார்த்தேன். பிரசவத்தில் அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஓரத்தில் அவன் செய்யக்கூடியது நிறைய இருந்தது. இடைவேளையில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டான். பெண் குழந்தை. ஆட்டம் முடிந்து விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். "பெருசு, நீ கல்லுளிமங்கன்யா" என்று கோச்சே சொன்னார். அவன் பெண்டாட்டி இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் கேப்டனின் மாமனார் ஏணியிலிருந்து விழுந்தார். சொல்லவில்லை, ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டத்தில் முன்கள ஆட்டக்காரன் நெட்டையனின் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். பூட்டை உடைத்துத் திருடன் உள்ளே இருக்கிறான், என்ன செய்யட்டும் என்றார். "நீங்க உள்ள போயிடாதீங்க, உயிர் முக்கியம்" என்று நல்ல வார்த்தை சொன்னேன். போலீசுக்குச் சொல்லட்டுமா என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நெட்டையன் மூன்று கோல் போட்டான். வீட்டிலும் மூன்று அறை காலி. திருடன் சாவகாசமாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

நீங்கள் படித்தவர்கள். மூன்று ஆட்டம், மூன்று சேதி, மூன்று வெற்றி. முப்பது வருடமாக ஜெயிக்காத அணி. இதில் ஒரு முறைமை இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

கால் இறுதியில் பெட்டி ஊமையாகக் கிடந்தது. நாற்பது நிமிடம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பெட்டியின் மேல் காது வைத்துப் பார்த்தேன். பதினெட்டு வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருந்தார்கள். இப்படியே போனால் தோற்போம்.

மைதான ஆபீஸில் ஒரு லேண்ட்லைன் உண்டு. அங்கே போய், எங்கள் இடது தடுப்பாட்டக்காரனின் வீட்டுக்கு அடித்தேன். உங்கள் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பி வருவதற்குள் பெட்டி குதித்துக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி பதினாறு தடவை கூப்பிட்டாள். இரண்டாம் பாதியில் நாங்கள் இரண்டு கோல். இரண்டாவதை அவனே போட்டான், முறிந்த காலால். ஆட்டம் முடியும்போது அவள் இரண்டு பஸ் மாறி, இடுப்பில் ஒன்றும் கையில் இரண்டுமாகப் பிள்ளைகளுடன் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. எவனோ விளையாடியிருக்கிறான்மா, காலம் கெட்டுக் கிடக்கிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அரை இறுதிக்கு நான் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. எனக்கு அடுத்தவர் குரல் பிடித்துப் பேச வரும். ஒரு முறை மேனேஜர் குரலில் ஒலிபெருக்கியில் அரைநாள் லீவு அறிவித்து, டிப்போவையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். மேனேஜரும் கிளம்பிப் போய்விட்டார். நடுக்களக்காரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பசங்கள் என் கண் முன்னாலேயே போன் பூட்டைத் திறப்பார்கள். கிழவனிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை. அவன் போனில், அவன் குரலில், பெண்ணின் அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். உங்கள் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றேன். பிறகு அவர் எத்தனை தடவை கூப்பிட்டார் என்று எண்ணவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அந்தச் சம்பந்தம் ஒட்டவே இல்லை. அவன் இளைஞன், வேறு பெண் கிடைக்கும். அரை இறுதி இன்னொன்று கிடைக்குமா?

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கோல்கீப்பருக்குக் குட்டிச்சுவர் என்று பட்டப்பெயர். ஆள் உயரம் கம்மி, அகலம் ஜாஸ்தி. அவனுடைய அம்மா பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். பெட்டியில் போனை வைக்கும்போது, "பெருசு, எங்க அக்கா கூப்பிட்டா மட்டும் சொல்லிடு" என்றான். சரி என்றேன்.

பத்து மணிக்கு அவன் அக்கா கூப்பிட்டாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, தம்பியை வரச் சொல்லுங்கள், டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றாள். ஆட்டம் மூன்று மணிக்கு. ஆஸ்பத்திரி, பஸ்ஸில் போனாலும் அரை மணி நேரம். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நிதானமாக வந்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். கணக்கு சரிதான். திரும்பி வருபவன் அதே குட்டிச்சுவராக இருந்திருப்பானா என்பதற்கு உங்களிடம் கணக்கு இல்லை. மாற்றுக் கோல்கீப்பர் இருந்தானே என்றீர்கள். அவனுக்குப் பந்து என்றால் பயம்.

"கிளம்பிட்டான்மா" என்றேன்.

பதினொன்றரைக்கு அவளுடைய வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க மைதானத்து வாசலுக்கே வந்துவிட்டார். "இப்பத்தானே ஆட்டோல போனான், வழியில பாக்கலையா?" என்றேன். அடடா என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். நல்ல மனுஷன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. குட்டிச்சுவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வீட்லருந்து போன் வந்துச்சா பெருசு?"

"வந்துச்சு. அக்காதான்."

"என்னவாம்?"

"அம்மா ஜெயிச்சிட்டு வரச் சொன்னாங்களாம்."

முகம் மலர்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஒரு மணிக்கு மறுபடியும் போன். ஏன் இன்னும் வரவில்லை, அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா அழுதாள். குட்டிச்சுவரின் குரலில், "கூட்டத்துல மாட்டிக்கிட்டேங்க்கா, வந்துட்டேன்" என்றேன். அவள் போனை அம்மா காதில் வைத்தாள்.

"தம்பியா?"

"நாந்தாம்மா."

"சாப்டியாப்பா?"

"சாப்டேம்மா" என்றேன். அது பொய் இல்லை. நான் சாப்பிட்டிருந்தேன்.

"எங்கப்பா இருக்க?"

"வாசல்ல நிக்கிறேம்மா. செருப்பக் கழட்டிட்டிருக்கேன்."

பிறகு இரண்டு தடவை பேசினோம். சளி பிடித்த மாதிரி இருக்கிறதே, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டார்கள். சின்ன வயதில் எதற்கோ அடித்ததைச் சொல்லி, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் வாசலில்தான் நின்றேன். இரண்டு பத்துக்கு அக்கா கூப்பிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாள். வைத்துவிட்டேன்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டிக்குப் போனது. குட்டிச்சுவர் மூன்றைப் பிடித்தான். கோப்பை டிப்போவுக்கு வந்தது. மேனேஜர் பஸ்ஸின் கூரை மேல் ஏறி ஆடினார். எல்லோருக்கும் போனைத் திருப்பிக் கொடுத்தேன்; குட்டிச்சுவர் கோப்பையைத் தூக்கிக் காட்டி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாகத்தான் அவனுக்குக் கொடுத்தேன். அந்த அளவு மனசாட்சி எனக்கு உண்டு.

இரண்டு பத்துக்குப் பிறகு தவறிய அழைப்புகள் நாற்பத்தொன்று, அதற்கு முன் எடுத்துப் பேசியவை ஐந்து. அந்த ஐந்தையும் பார்த்துவிட்டு அவன் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினான். அடிப்பான் என்று நினைத்தேன். "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டான். எண்ணெய் வைக்கச் சொன்னதைச் சொன்னேன். மெடலைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நடந்து போனான். மற்றவர்கள் அந்தப் பெட்டியைத் தொடவும் மறுத்து, உங்களிடம் வந்தார்கள். மெடலை மட்டும் அவர்களில் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். அடுத்த வருடம் பெட்டியைக் கொடுத்தால் மறுபடியும் செய்வேன். நாட்டில் அறுபத்து மூன்று அணிகள் வீட்டுக்குப் போயின, ஒன்று போகவில்லை.

மறைப்பதுதான் நோக்கம் என்றால் போனை அடிக்க விட்டிருக்கலாமே, ஏன் எடுத்துப் பேசினீர்கள் என்று வக்கீல் ஐயா கேட்டார். அடிக்கிற போனை யாராவது எடுக்க வேண்டாமா? கூப்பிடுகிறவர்களுக்கு என்னமாய் இருக்கும்?

இன்னொன்றும் கேட்டார். குட்டிச்சுவரின் போனிலிருந்து இரண்டு இருபத்தைந்துக்கு யாருக்கோ ஓர் அழைப்பு போயிருக்கிறது. அந்த எண்ணுக்குரிய கூட்டாளி யார் என்று. கூட்டாளி யாரும் கிடையாது. அது என் எண். பெட்டியில் எல்லோர் போனும் மாறி மாறி அடிக்க, ஆறு ஆட்டத்திலும் என்னுடையது மட்டும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பழுதாகியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதனால் அடித்துப் பார்த்தேன்.

பழுதெல்லாம் இல்லை. நன்றாகத்தான் அடித்தது.