வெங்காய மூட்டைக்கு மேல வந்தவர்

ஈஸ்ட் ஹாம் பஸ் தரிப்பில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர். மற்றவர் அவரைவிட இளையவர். கையிலிருந்த பைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. போனில் செய்தி பார்த்த இளையவர் திடீரென்று பொங்கினார்.

"சட்டத்தை இன்னும் இறுக்க வேணும், அண்ணை. விசா இல்லாமல் வள்ளத்தில வாற எல்லாரையும் திருப்பி அனுப்ப வேணும்."

"நாங்கள் வந்த லொறிக்கு விசா இருந்ததோ?"

"அது வேற. நாங்கள் ஒழுங்கா வரிசையில நிண்டெல்லோ ஏறினனாங்கள்."

"காட்டுக்குள்ள நிண்ட லொறியில."

"காடெண்டாலும் வரிசை வரிசைதான். ஏஜென்ட் நம்பர் தந்தவன். நான் ஒன்பது."

மீசைக்காரர் முழுதாகத் திரும்பினார்.

"ஒன்பது நான். நீ பதினொண்டு. நான் ஒண்டுக்குப் போன நேரம் பாத்து முன்னால ஏறி, நல்ல இடத்தைப் பிடிச்சனி. டோவர் துறைமுகம் வரைக்கும் நான் வெங்காய மூட்டைக்கு மேல குந்திக்கொண்டு வந்தனான்."

"இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுது, அண்ணை!"

"சட்டத்தை இறுக்கச் சொன்னது நீதானே?"

பஸ் வந்தது. இளையவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"முதல்ல நீங்கள் ஏறுங்கோ, அண்ணை."