உள்ளே மடிச்சு வச்ச துணி

சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருது. உங்க கண்ணெல்லாம் பந்திப் பக்கம் போறதும் தெரியுது. பயப்படாதீங்க... ஒரே ஒரு சின்னக் கதை. இலை போடுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

கோவில்பட்டியில என் நண்பர் தனுஷ்கோடி. அவரு சம்சாரம் வடிவு. அந்தம்மாவுக்கு வயித்துல ஒரு கட்டி. மதுரையில ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. டாக்டர் என்ன சொன்னாரு? "என் வேலை முடிஞ்சது. இனிமே இவங்க சாப்பிட்டா பிழைச்சுக்குவாங்க." அவ்வளவுதான் சொன்னாரு.

ஆனா வடிவம்மா சாப்பிடல. மூணு கரண்டி கஞ்சி... அதுகூட இறங்கல. ஏன்? வாய் கசக்குதுன்னு சொன்னாங்க. நிஜம் என்ன தெரியுமா? மனசு விட்டுப் போச்சு.

ஏன் விட்டுப் போச்சு? நாம பார்க்கப் போனோமே... அதான்!

தனுஷ்கோடியோட தங்கச்சி வந்தாங்க. கட்டில்ல உட்கார்ந்தாங்க. "எங்க கொழுந்தனார் பொண்டாட்டிக்கும் இதே கட்டிதான் மதினி. இதே டாக்டர்தான்."

வடிவம்மா ஆசையா கேட்டாங்க, "இப்ப எப்படி இருக்காங்க?"

"அவளா? வர்ற ஆவணியோட மூணு வருஷம் ஆகுது..."

சிரிக்கிறீங்க! நீங்க சொன்னதே இல்லையா? இன்னொருத்தர் வந்தாரு. நோயாளியோட ஒரு செல்ஃபி எடுத்தாரு. "கொஞ்சம் சோகமா பாருங்கம்மா"ன்னாரு. ஸ்டேட்டஸ் வைக்கணும்ல!

வந்தவங்க எல்லாம் ஆப்பிள், ஹார்லிக்ஸ். அந்தம்மாவால தின்ன முடியுமா? வீணாப் போகக் கூடாதேன்னு தனுஷ்கோடி தின்னாரு. பொண்டாட்டி எளைக்க எளைக்க... புருஷன் பெருத்தாரு!

சரி, நீ என்ன பண்ணினேன்னு கேளுங்க. நானும் போனேன். கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டேன். வாழ்க்கையோட நிலையாமையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினேன். எந்திரிச்சு ஓட முடியாத ஆளு... அப்படி ஒரு கூட்டம் எனக்கு வேற எங்க கிடைக்கும்?

இப்படி இருக்கையில ஒரு நாள் பேச்சித்தாய் வந்தா. யாரு பேச்சித்தாய்? அடுத்த தெருவுல ஜாக்கெட் தைக்கிற பொண்ணு. கையில ஆப்பிள் இல்ல. கழுத்துல ஒரு டேப்பு.

"அக்கா, வர்ற தை மாசம் நடக்கப் போற உங்க தங்கச்சி மக கல்யாணத்துக்குப் பட்டுத் துணி குடுத்தீங்கல்ல? பழைய அளவு ஆகாது. கையைத் தூக்குங்க."

வடிவம்மா சொன்னாங்க, "எனக்கு எதுக்குடி அது? யாருக்காவது தைச்சுக் குடுத்துரு."

"ஏன், ஊர்ல எனக்கு வேற வேலை இல்லையா? தூக்குங்கக்கா கையை!"

தூக்கினாங்க. டேப்புல ஆறு இஞ்சு குறைஞ்சிருந்துச்சு. ஆறு இஞ்சு! பேச்சி "அய்யோ"ன்னாளா? இல்ல. "ச்சு"ன்னாளா? இல்ல. நோட்டுல குறிச்சா... போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு ஜாக்கெட் வந்துச்சு. வடிவம்மா அதைத் திருப்பிப் பார்க்கிறாங்க. உள்பக்கம் ரெண்டு ஓரமும் தடிமனா இருக்கு. துணியை வெட்டாம அப்படியே மடிச்சு, வரிசையா மூணு தையல்.

"என்னடி, இம்புட்டுத் துணியை உள்ள வச்சுத் தைச்சிருக்க?"

பேச்சிக்குக் கோவம் வந்துருச்சு. "பின்ன? தைக்குள்ள உடம்பு தேறிரும்ல? அப்ப ஒண்ணொண்ணாப் பிரிக்கணும்ல? இப்ப வெட்டி எறிஞ்சுட்டு அப்புறம் இதே பட்டுக்கு நான் எந்தக் கடையில போய் நிக்க?"

ஆறுதல் சொல்லல. அவ தொழிலைச் சொன்னா. சொல்லிட்டு, அடுப்புல உலை வச்சுட்டு வந்தேன்னு ஓடிட்டா.

வடிவம்மா அந்த மடிப்பை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம்... அப்புறம் கூப்பிட்டாங்க. "என்னங்க... அந்தக் கஞ்சியைக் கொண்டாங்க."

தேறிட்டாங்க. தனுஷ்கோடிக்கு சந்தோஷம் தாங்கல. மார்கழியில மண்டபம் பிடிச்சு நன்றி விழா எடுத்தாரு. பெரிய ஃபிளெக்ஸ். பதினேழு பேருக்குப் பொன்னாடை. தங்கச்சிக்கு உண்டு. செல்ஃபிக்கு உண்டு. ஹார்லிக்ஸ் கொண்டு வந்தவங்க எல்லாருக்கும் உண்டு. சிறப்பு விருந்தினர் யாரு? நான்! நானும் வெட்கமில்லாம குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.

பேச்சித்தாய்? ஒன்பதாவது வரிசையில, தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தா.

நான் நன்றியைப் பத்தி முழங்கிக்கிட்டு இருக்கேன். வடிவம்மா நாற்காலியை விட்டு எந்திரிச்சாங்க. மேடையை விட்டு இறங்கினாங்க. மெதுவா... ஒவ்வொரு வரிசையாப் பிடிச்சு நடக்கிறாங்க. நான் பேச்சை நிறுத்திட்டேன். தூணுக்குப் பக்கத்துல போய் நின்னாங்க.

"பேச்சி... ஜாக்கெட் இறுக்குதுடி."

கையைத் தூக்கிக் காட்டினாங்க.

"ஒரு தையல் பிரிச்சாச்சு. ரெண்டாவதையும் பிரிச்சு விடு."

அந்தப் பேச்சி இருக்காளே... ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பொண்ணு... முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதா. "அப்பவே சொன்னேன்லக்கா"ன்னு அழுதா. என் தோள்ல கிடந்த பொன்னாடை எனக்குக் கனத்துச்சுங்க. மெதுவா எடுத்து மடிச்சு வச்சுட்டேன்.

அன்பானவர்களே... இந்தக் கதையை எதுக்குச் சொன்னேன்? நோயாளியைப் பார்க்கப் போனா புத்தி சொல்லாதீங்க. செத்தவங்க கணக்குச் சொல்லாதீங்க. "தை மாசம் இருக்கு, நீங்களும் இருப்பீங்க"ங்கிற நம்பிக்கையில, அவங்களுக்காகக் கொஞ்சம் துணியை உள்ள மடிச்சு வச்சுட்டு வாங்க. அது போதும்.

நன்றி சொல்லணுமா? மேடைக்கு ஆள் கூப்பிடாதீங்க. ஒன்பதாவது வரிசைக்கு இறங்கிப் போங்க.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் படுத்து எந்திரிச்சிருப்பாங்க. அப்ப சத்தமில்லாம வந்து போன ஒரு ஆளு இருப்பாங்க. நீங்க இன்னும் நன்றி சொல்லாத ஆளு. பேரு ஞாபகம் வருதா? ...இப்ப வருதா? வந்துருச்சுல்ல! அப்ப இலையில உட்கார்றதுக்கு முன்னாடி ஒரு போனைப் போடுங்க. நான் மைக்கை வைக்கிறேன்... எனக்கும் ஒருத்தருக்குப் பேசணும்.