அக்கா மகளின் வண்டிக்கு ஆயில் மாற்றியது தொடர்பாக

மேற்படி புகாரில் வண்டியைத் திருடியவளாகக் காட்டப்பட்டிருக்கும் எனக்கு வயது முப்பத்தாறு. திருமணம் ஆகவில்லை. பல் மருத்துவமனை ஒன்றில் கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறேன். அதே மருத்துவமனையின் பின்புறச் சந்தில் மாடி அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். புகார் கொடுத்தவர் என் உடன்பிறந்த அக்காவின் கணவர். லாரி டயர் கடை வைத்திருக்கிறார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். இன்று நிலையத்துக்கு வரச்சொன்னதன்பேரில் வந்து, ஏட்டு கேட்டதற்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். எட்டு வயது. வீட்டில் அவளைக் கட்டெறும்பு என்போம். அவள் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஓட்டுகிற சின்ன நாலு சக்கர வண்டி ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். பெட்ரோலில் ஓடுவது. வண்டியோடு வந்த கையேட்டில், முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும் என்று எழுதி, மாற்றும் முறையைப் படமும் போட்டிருந்தார்கள். நான் இயந்திரம் படித்தவள் அல்ல. கையேட்டைப் படித்தேன், புரிந்தது, அவ்வளவுதான். அதை அத்தானிடம் கொடுத்தேன். அவர் அதன்மேல் காபி தம்ளரை வைத்தார்.

"லாரி இன்ஜினையே அக்குவேறு ஆணிவேறா பிரிச்சவன் நான். இந்தப் பொம்மை வண்டிக்குப் புத்தகம் பார்த்து ஆயில் மாத்தணுமா?" என்றார். அவர் விற்பது டயர் மட்டுமே என்பதை ஏட்டு குறித்துக்கொள்ளவும்.

அதன் பின்பு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசல் சரிவில் நிறுத்தினார். சமதரையில் நிறுத்துங்கள், சரிவில் நின்றால் பழைய ஆயில் முழுசாக வடியாது என்றேன். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் சூடேறி இளகிய பிறகு கழற்றுங்கள் என்றேன். இரண்டுக்கும் சேர்த்து "ம்" என்று ஒரு பதில் வந்தது. ஓடவிடவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. அக்கா பால் காய்ச்சும் பாத்திரத்தை அடியில் வைத்து, இன்ஜினின் கீழ்மூடியைக் கழற்றினார். ஆயிலோடு ஒரு ஸ்பிரிங்கும் சல்லடை மாதிரி ஒரு சின்ன வலையும் ஒரு ரப்பர் வளையமும் பாத்திரத்தில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அத்தான், உள்ள இருந்து ஏதோ விழுந்திருக்கு."

"விழுந்தா எங்க ஓடிடப் போகுது?" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்தார். மூன்றும் போயின. அந்த வலைதான் ஆயிலில் இருக்கும் இரும்புத் தூளை வடிகட்டுவது, அந்த வளையம்தான் மூடி கசியாமல் காப்பது என்று கையேட்டைப் பிரித்துக் காட்டினேன். "கம்பெனிக்காரன் சும்மா அழகுக்கு வைக்கிறது" என்றார். அதன் பின்பு பழைய டியூப் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி வளையத்துக்குப் பதிலாக வைத்து மூடியை முறுக்கினார். அதன் பின்பு லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலைக் கேனோடு கவிழ்த்தார். இன்ஜினில் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது. சொன்னேன். "கூட இருந்தா நல்லதுதானே? பிள்ளைக்கு ஒரு கரண்டி நெய் கூடப் போட்டா கோவிச்சுக்குமா?" என்றார்.

அன்று சாயங்காலம் கட்டெறும்பு வண்டியை எடுத்தாள். வேண்டாம் என்று நான் தடுத்தேன். "எல்லாத்துக்கும் ஒரு நொட்டை" என்று அத்தான் என்னை விலக்கினார். வண்டி வெள்ளையாகப் புகை விட்டது. போன வழியெல்லாம் ஆயில் சொட்டியிருந்தது. தெருக்கோடியில் திரும்பி இறக்கத்தில் வந்தவள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், எதிர்வீட்டுக்காரர் குவித்து வைத்திருந்த மணலில் போய் மோதி விழுந்தாள். மணல் இல்லாமல் இருந்தால் அதற்குப் பின்னால் இருந்தது கருங்கல் சுவர். முழங்கையும் தாடையும் சிராய்த்து ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அத்தான் முதலில் தூக்கியது வண்டியை.

"பிரேக் பிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி வண்டி?" என்று பிள்ளையைத் திட்டினார். அவள் அழவில்லை. "பிடிச்சேம்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பின்சக்கரத்துப் பிரேக் தட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் கறுப்பாக வழுக்கியது. கீழ்மூடியில் கசிந்த ஆயில் அவ்வளவும் பின்னால் அடித்து அங்கே போயிருந்தது. விரலை அத்தானிடம் காட்டினேன். "போய்க் கை கழுவு" என்றார்.

அதன் பின்பு அந்த வாரம் முழுக்க, வந்தவர் போனவரிடமெல்லாம் மகளுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்று சொன்னார். பிள்ளை தன் பழைய சைக்கிளைக்கூடத் தொடுவதை விட்டுவிட்டாள். வருகிற ஞாயிறு தானே பின்னால் நடந்துவந்து ஓட்டச் சொல்லித் தரப்போவதாகவும் சொன்னார். வண்டியை ஒன்றும் செய்யவில்லை, மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவியதோடு சரி.

அதனால் சனிக்கிழமை மதியம் அவர் கடையில் இருந்த நேரத்தில் வாடகை வேனோடு போனேன். அக்காவிடம் வண்டிச் சாவி கேட்டேன். "சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்குன்னாலும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி, பின்வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, துணி காயப் போடுவதாக மாடிக்குப் போனார். அன்று வீட்டில் துணி துவைக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன். நானும் வேன் ஓட்டுநரும் வண்டியைத் தூக்கி ஏற்றினோம்.

வண்டி இப்போது மருத்துவமனைப் பின்கட்டில் இருக்கிறது. விற்ற கடையில் ஸ்பிரிங், வலை, வளையம் மூன்றையும் புதிதாக வாங்கினேன். அந்தக் கடை மெக்கானிக் வந்து ஆயில் குடித்த பிரேக் கட்டைகளைக் கழற்றி வேறு மாட்டினார். ஆயிலை நானே மாற்றினேன். சமதரையில் நிறுத்தி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, பழையதைச் சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, கேனில் பிடித்து மூடி வைத்தேன். வலையைப் பொருத்தி, ஸ்பிரிங்கை ஏற்றி, வளையத்தை மாட்டி, மூடியைக் கையால் திருகிய பிறகே ஸ்பேனர் போட்டேன். கையேட்டில் சொன்ன ஆயிலை அளந்து ஊற்றினேன். அளவுகோலைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்தேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ஆறிய பிறகு மறுபடி பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அடியில் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு இல்லை. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் நான் இப்போது காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதத் தொடங்கும் முன், அத்தான் ஏட்டின் முன்னிலையில் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். தான் ஆயில் மாற்றியதில் தவறில்லை, பிள்ளை பிரேக் பிடிக்காததால்தான் விழுந்தாள் என்று நான் எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவாராம். ஏட்டும் "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். வேண்டுமானால் நான் திருடினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதில் போடுகிறேன், பிள்ளை பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிய தாளில் போடமாட்டேன் என்றேன்.

அதுவரை வாசல் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து உள்ளே வந்தார். "சார், சாவி நான் குடுத்தது. பிரேக்குல ஆயில் இருந்ததையும் பார்த்தேன். என்னையும் எழுதிக்கோங்க" என்றார். அத்தான் ஃபோன் பேசுவதாக வெளியே போனார். ஃபோன் மேசைமேல்தான் இருந்தது. அடுத்ததாக அக்கா சொல்வதை எழுதுவதாக ஏட்டு சொல்லியிருக்கிறார்.

மேலே கண்டவற்றை ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். "ஆயில் கசிந்திருக்கலாம்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். "கசிந்தது" என்று திருத்தச் சொன்னேன். பெருமூச்சு விட்டுத் திருத்தினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)