இடப்பக்கத்துக் கருப்புப் பட்டை

இந்த ஸ்டேஷன் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னவர் யாரோ, நல்ல காரியம் செய்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, எதிரே உட்காருகிறவர் முகத்தில் இதமாக விழுகிறது. உங்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவன் இந்த நாற்காலியில் உட்கார வைத்து எடுத்திருந்தால், அதில் நீங்கள் இவ்வளவு சிடுசிடுவென்று விழுந்திருக்க மாட்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. வயசு முழுக்க இதே தொழில், கண் தானாக அங்கேதான் போகிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் நீங்கள் ஃப்ளாஷைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய அக்கிரமம் செய்ததாக எழுதிவிடுவீர்கள். நான் செய்தது ஒரு திருகைத் திருப்பியது மட்டும்தான்.

கேமராவுக்குள் இரண்டு திரைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை ஓடி வெளிச்சத்துக்கு வழிவிடும். இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். ஃப்ளாஷ் எரிவது இமை கொட்டும் நேரத்தைவிடக் குறைவு. அது எரியும்போது இரண்டு திரையும் ஒதுங்கி, வழி முழுசாகத் திறந்திருக்க வேண்டும். என் கேமராவில் நொடியில் இருநூறில் ஒரு பங்கு வரை அப்படித் திறந்திருக்கும். அதைவிட வேகம் வைத்தால், முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். ஃப்ளாஷ் எரிகிற நேரத்தில் ஒரு ஓரம் ஏற்கனவே மூடியிருக்கும். படத்தில் அந்த ஓரம் கருப்புப் பட்டையாக விழும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவன் எவனும் ஒரு தடவையாவது இதில் மாட்டி, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். புது ஃப்ளாஷ் என்றால் கேமராவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னுடையது பழசு. அது தன் தலைமேல் உட்கார்ந்திருப்பதே கேமராவுக்குத் தெரியாது.

இனி என் மாப்பிள்ளை, என் ஒரே தங்கையின் கணவர். பம்ப் செய்கிற கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் தங்கைக்கு மூச்சு வாங்கியது. "வாயுவா இருக்கும், படு. காலைல டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார். காலையில் கூட்டிக்கொண்டு போக அவள் இல்லை. யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பார்கள் என்று டாக்டரே சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைத் தேற்றினார்கள். நானும் என்னைவிட அகலமான அவர் தோளில் கை வைத்தேன். கைக்குக் கீழே அந்தத் தோள் குலுங்கியது. நன்றாகத் தூங்கி எழுந்த தோள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். மனசு மட்டும் ஒரு நாளும் ஆறவில்லை.

கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு நான்தான் போட்டோ. மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டு, மேடையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வைத்துப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மேடைக்கு இடப்பக்கம், சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். முதலாளி ஏதோ ஜோக் அடித்தார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். என் தங்கை போய் வருஷம்கூடத் திரும்பவில்லை.

அந்த முகம் என் படத்தில் விழக்கூடாது என்று முடிவு செய்தேன். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் அவர் வெளியே போய்விடுவார், உண்மைதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. அவர் படத்துக்குள் இருக்க வேண்டும், இருட்டில் இருக்க வேண்டும். வேகத்தை நானூறுக்குத் திருப்பினேன். கேமராவை நெட்டுக்குத்தலாகப் பிடித்தேன். எப்போதும் என் வலது கை மேலே இருக்கும். அப்படிப் பிடித்தால் பட்டை வலப்பக்கம் விழும். அன்றைக்குக் கேமராவை மறுபக்கமாகத் திருப்பி, வலது கையைக் கீழே வைத்துக்கொண்டேன். பட்டை இடப்பக்கம், சரியாக அவர்மேல் விழுந்தது. ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு தடவை அவரை அழித்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பட்டையை வெட்டிவிட்டுக் கம்பெனிக்குப் படங்களைக் கொடுக்கலாம் என்பதுதான் என் யோசனை.

அதற்குள் அடுத்த தெருவில் கிடங்கு பற்றிக்கொண்டது. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே இருந்த காவலாளி வெந்து செத்தார். சரக்கு குறைந்தது தெரியாமலிருக்க மாப்பிள்ளைதான் கொளுத்திவிட்டார் என்றார்கள், ஏனென்றால் சாவி அவரிடம் இருந்தது. "நான் மேடைக்குப் பக்கத்துலதான் நின்னேன். மச்சானைக் கேளுங்க, அவரு என்னையேதான் பாத்துட்டிருந்தாரு" என்றார் அவர். நான் பார்த்ததைக் கவனித்திருக்கிறார். அன்பில் பார்த்தேன் என்று நினைத்திருப்பார்.

உங்கள் ஆட்கள் என் கேமராவை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாப் படத்திலும் இடப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அவரோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர், அவரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார்கள். குறுக்கு விசாரணையில் குழம்பிப்போனார்கள். கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

ஃப்ளாஷ் பழசு, கேமராவோடு ஒத்துப்போகவில்லை, பட்டை விழுந்துவிட்டது என்றேன். அவரைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பொத்தானை அழுத்தியதும் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி எழும்பி, நாம் பார்க்கிற வழியை மறைத்துவிடும், ஃப்ளாஷ் எரிகிற அந்தக் கணத்தில் போட்டோ எடுக்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று விளக்கினேன். நீதிபதிக்கு அது புதுசு. பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை ஐயா, எந்தக் கேமராக் கடையிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ளாஷுக்கும் அடுத்த ஃப்ளாஷுக்கும் நடுவில் என்ன பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? தீர்ப்பு சொன்ன அன்றைக்கு மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சான்" என்றார். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

கிடங்கைக் கொளுத்தியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

அவர் பெண்ணை நானும் என் மனைவியும் கூட்டிக்கொண்டு வந்தோம். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பள்ளிக்கூட உடுப்போடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, என் தங்கையே திரும்பி வந்த மாதிரி இருந்தது. வீடு கலகலவென்று ஆனது. ஒரு குறையும் வைக்கவில்லை, படிக்க வைத்தேன். மாசா மாசம் அவள் அப்பாவைப் பார்க்க என் வண்டியில்தான் கொண்டுபோய் விடுவேன். அவள் வெளியே வருகிற வரைக்கும் சிறை வாசலில் வெயிலில் நிற்பேன். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் அவளுக்கு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது, விற்பனைக்கு வருகிற துணிகளைப் படம் எடுக்கிற வேலை. நேற்று சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, ஆபீஸ்ல இன்னிக்கு ஒரு பழைய ஃப்ளாஷைக் குடுத்தாங்க. படத்துல ஒரு ஓரம் கருப்பா வந்துச்சு. அப்பா கேஸ்ல வந்த மாதிரியே."

"பழசுன்னா அப்படித்தான். தூக்கிப் போடச் சொல்லு."

"ஃப்ளாஷ் நல்லாத்தான் இருக்கு மாமா. வேகத்தைக் குறைச்சதும் சரியாயிடுச்சு."

"தட்டுல கைய வெச்சுக்கிட்டு என்னடி ஆபீஸ் பேச்சு, சாப்பிடு" என்றாள் என் மனைவி.

பாப்பா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, அலமாரியிலிருந்து என் கேமராவை எடுத்துவந்து நீட்டினாள். "நெட்டுக்குத்தலாப் பிடிங்க மாமா" என்றாள். பிடித்தேன். பழக்கதோஷம், வலது கை தானாக மேலே போய்விட்டது.

"நீங்க எப்பவும் இப்படித்தான் பிடிப்பீங்க. இப்படிப் பிடிச்சா பட்டை வலப்பக்கம் விழணும். நான் இன்னிக்கு எடுத்துப் பாத்துட்டேன்." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "கேஸ் கட்டுல இருக்கிற எல்லாப் படத்துலயும் இடப்பக்கம் விழுந்திருக்கு. கேமராவை வேணும்னே தலைகீழாத் திருப்பினாத்தான் அப்படி விழும். அப்பா அங்க நின்னாரா மாமா?"

அன்றைக்குக் கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்தார்கள், போலீஸ், வக்கீல், நீதிபதி, ஒருத்தருக்கும் என் கைவேலை தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

"நின்னாரு" என்றேன்.

என் மனைவி தட்டோடு உள்ளே போய்விட்டாள். பாப்பா அழவில்லை. காலையில் அவளே கதவைத் தட்டி எழுப்பி, "வாங்க மாமா, போலாம்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முதல் பரிசிலிருந்து கடைசிப் பரிசு வரைக்கும் என் மாப்பிள்ளை அந்தச் சுவரோரத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் நடுவில் அவரை நான் பார்த்தேன். இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை மூக்கைச் சொறிந்தார். நெருப்பு என்று யாரோ கத்தியதும் காவலாளி பெயரைச் சொல்லிக்கொண்டு முதலில் ஓடியது அவர்தான். இதெல்லாம் கூண்டில் நிற்கும்போதே எனக்குத் தெரியும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். பாப்பா காலையிலிருந்து வெளியே பெஞ்சில் காத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். என்மேல் அவ்வளவு பாசம். மடியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், பார்த்திருப்பீர்கள். எனக்கு மாற்றிக்கொள்ள எடுத்து வந்திருப்பாள். என் அளவைவிடக் கொஞ்சம் பெரிய சட்டை, அவசரத்தில் கவனித்திருக்க மாட்டாள்.