மேல்கோடு எந்தக் கம்பி

யுத்தம் முடிந்த மறு வருஷம். அரியலூர் ஸ்டேஷனில் திருச்சி டிக்கெட்டுக்காக நின்றேன். முன்னால் இரண்டு பேர். காக்கிச் சட்டைக்காரர் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர். மற்றவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்.

"ரெண்டு மாசமா தலைகீழால்ல படிச்சிருக்கேன், மாப்ளே!" என்றார் காக்கிச் சட்டை.

"எத?"

"கிட்டார் புஸ்தகத்தத்தான். கிட்டார்ல ஆறு கம்பி, புஸ்தகத்துல ஆறு கோடு. கோட்டுல என்ன நம்பரோ, அந்தக் கம்பியில கழுத்துல அத்தனாவது கட்டுல விரல வைக்கணும்."

"சுலபந்தானே? பின்ன ஏன் எங்க வூடு வரைக்கும் அந்தக் கொடுமை கேட்டுச்சு?"

"மேல்கோடுன்னா மேல்கம்பின்னு நெனச்சுட்டேன். நெஞ்சோட அணைச்சுப் புடிச்சா தடிக் கம்பிதானே மேல இருக்கு?"

"அப்பறம்?"

"எம் பொஞ்சாதி மேரி ஒருநாள் கிட்டார வாங்கி, மொறம் மாதிரி மடியில படுக்கப் போட்டா. குனிஞ்சு பாத்தா, புஸ்தகத்தப் பாத்தா. 'ஏங்க, எட்ட இருக்கிற சன்னக் கம்பிதாங்க மேல்கோடு. கிட்ட இருக்கிற தடிக் கம்பி கீழ்கோடு'ன்னா. அன்னிக்கே மொத பாட்டு வந்துருச்சு, மாப்ளே! அழுதுட்டேன்."

"அத வித்துத் தொலைங்கன்னு சண்ட போட்டதும் அவதானே?"

"அவளேதான். இப்ப அவ வாசிச்சு வாசிச்சு சன்னக் கம்பி அறுந்துபோச்சு. திருச்சியில வாங்கிட்டு வாங்கன்னு வெரட்டிவிட்டா."

"அப்ப நீ வாசிக்கிறதில்லையா?"

காக்கிச் சட்டை டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான் பக்கம் திருப்புறேன்."